பேசுபொருளை யார் முடிவு செய்கிறார்கள்?

கேள்வி இதுதான்: ‘எந்தத் தொலைக்காட்சி எந்தக் கட்சியின் கையில் இருக்கிறது என்று தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர்கள் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்கிறோம். அப்படியிருக்க, எது முக்கியமான பிரச்சினை என்பதை ஊடகங்கள்தான் தீர்மானிக்கின்றன என்று எப்படிச் சொல்கிறார்கள்?’

பாதியைக் கழிக்கிறோம் என்பது உண்மை. அதில் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் நாம் கழிப்பது அவர்களுடைய கருத்தை மட்டும்தான். ஒரு சேனல் ஓர் ஊழல் வழக்கை ஒரு வாரம் விடாமல் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்முகாம் சேனல் அதே ஒரு வாரமும் ‘எல்லாம் ஜோடனை’ என்கிறது. டீக்கடையில் இருவர் இதை வைத்து மல்லுக்கட்டுகிறார்கள். மூன்றாமவர், ‘இரண்டு தரப்புமே திருடர்கள்தான்’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போகிறார். மூவரில் ஒருவரும் எந்தச் சேனலையும் முழுதாக நம்பவில்லை. ஆனாலும் அந்த வாரம் முழுக்க மூவரும் பேசியது அந்த வழக்கைப் பற்றித்தான். தங்கள் தாலுகா மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுக்க மருத்துவர் இல்லாமல் பிரசவ கேஸ்களை மாவட்டத் தலைநகருக்கு அனுப்புகிறார்கள் என்பது பேச்சில் வரவே இல்லை. பதிலை நம் இஷ்டத்துக்கு எழுதலாம். கேள்வித்தாள் மட்டும் அவர்கள் தயாரித்தது.

இதை முதலில் துலக்கமாகச் சொன்னவர்களில் ஒருவர் பெர்னார்ட் கோஹன் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர். என்ன நினைக்க வேண்டும் என்று மக்களுக்குச் சொல்வதில் பத்திரிகைகள் பெரும்பாலும் தோற்றுப்போகலாம், எதைப் பற்றி நினைக்க வேண்டும் என்று சொல்வதில் அவை அபாரமாக ஜெயிக்கின்றன என்ற பொருளில் 1963இல் அவர் எழுதினார். அதற்கும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, நேரில் காணாத உலகத்தைப் பத்திரிகை நம் மண்டைக்குள் வரைந்து வைக்கிறது, அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நாம் நடந்துகொள்கிறோம் என்று அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் சொல்லியிருந்தார். ஆனால் சொல்வது வேறு, அளந்து காட்டுவது வேறு.

அளந்தவர்கள் மேக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸ், டொனால்ட் ஷா என்ற இரண்டு ஆய்வாளர்கள். இடம் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள சாப்பல் ஹில் என்ற பல்கலைக்கழக ஊர். காலம் 1968 அதிபர் தேர்தல். நிக்சன், ஹம்ப்ரி, வாலஸ் மூவரும் களத்தில் இருந்தார்கள். யாருக்கு ஓட்டு என்று இன்னும் முடிவு செய்யாத 100 வாக்காளர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, நாட்டின் முக்கியமான பிரச்சினைகள் எவை என்று கேட்டார்கள். கட்சிப் பிடிப்பு உள்ளவர்களை விட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஊடகத்தின் செல்வாக்கு எங்காவது தெரியும் என்றால் முடிவெடுக்காதவர்களிடம்தான் தெரியும். இன்னொரு பக்கம், அந்த ஊர் மக்கள் பார்க்கும், படிக்கும் ஒன்பது ஊடகங்களை எடுத்துக்கொண்டார்கள். ஐந்து நாளிதழ்கள், இரண்டு வாரப் பத்திரிகைகள், இரண்டு தொலைக்காட்சிகளின் மாலைச் செய்திகள். வெளியுறவு, சட்டம் ஒழுங்கு, அரசின் வரவு செலவு, மக்கள் நலத் திட்டங்கள், கறுப்பின மக்களின் குடிமை உரிமைகள் என ஒவ்வொரு விஷயத்துக்கும் எவ்வளவு இடமும் நேரமும் ஒதுக்கப்பட்டன என்று கணக்கெடுத்தார்கள்.

ஊடகங்களின் வரிசையையும் வாக்காளர்களின் வரிசையையும் அருகருகே வைத்தபோது, முக்கியச் செய்திகளைப் பொறுத்தவரை இரண்டுக்கும் இருந்த ஒட்டுறவு 0.967. முழுப் பொருத்தம் என்றால் 1. மூன்று வேட்பாளர்களும் மூன்று விதமான பட்டியலை முன்வைத்தார்கள். வாக்காளர்கள் தாங்கள் சற்றே சாய்ந்திருந்த வேட்பாளரின் பட்டியலைப் பின்பற்றியிருந்தால் இப்படி வந்திருக்காது. 1972இல் வெளியான இந்தக் கட்டுரையில் இருந்துதான் ‘நிகழ்ச்சிநிரல் அமைத்தல்’ என்ற பெயர் ஊடகப் படிப்புகளுக்குள் நுழைந்தது. அதில் இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு, அவ்வளவாக யாரும் எடுத்துப் பேசுவதில்லை. தேர்தல் செய்திகளில் பெரும்பங்கு பிரச்சினைகளைப் பற்றியதாகவே இல்லை. யார் முந்துகிறார், பிரசாரம் எப்படிப் போகிறது என்பதுதான் அதிகம். கூட்டணிக் கணக்கையும் தொகுதிப் பங்கீட்டையும் மாதக்கணக்கில் பேசும் நம் விவாத மேடைகளுக்கு அமெரிக்க முன்னோர்கள் இருக்கிறார்கள்.

கணக்குத் தெரிந்தவர்கள் உடனே ஒரு குறுக்குக் கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். இரண்டு வரிசைகள் பொருந்தினால் ஊடகம்தான் மக்களை நடத்தியது என்று எப்படிச் சொல்வது? மக்கள் எதை நினைக்கிறார்களோ அதை மோப்பம் பிடித்து ஊடகம் எழுதியிருக்கலாமே? சாப்பல் ஹில் ஆய்வால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பதில் சொன்னது 1980இல் ஷாந்தோ ஐயங்கார், டொனால்ட் கிண்டர் என்ற ஆய்வாளர்கள் சகாக்களோடு அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் நடத்திய சோதனை. உள்ளூர்வாசிகளைச் சம்பளம் கொடுத்து வரவழைத்தார்கள். வீட்டுக் கூடம் போல் அமைத்த அறையில் உட்காரவைத்துச் சில நாட்கள் தொடர்ந்து மாலைச் செய்தியைப் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் பார்த்தது வெட்டி ஒட்டிய செய்தி. ஒரு குழுவுக்கு அமெரிக்க ராணுவத்தின் பலவீனங்கள் பற்றிய செய்திகளை நடுவில் செருகினார்கள். இன்னொரு குழுவுக்கு அது இல்லை. சில நாட்களுக்குப் பிறகு கேட்டபோது, முதல் குழுவின் கவலைப் பட்டியலில் பாதுகாப்பு ஆறாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு ஏறியிருந்தது. மற்றக் குழுவில் அந்த ஏற்றம் இல்லை. வெளியே உலகம் இரு குழுக்களுக்கும் ஒன்றுதான். மாறியது செய்தியின் வெட்டும் ஒட்டும் மட்டுமே.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியிலும் இதற்குச் சாட்சி உண்டு. 1989 செப்டம்பரில் நாட்டின் முதல் பிரச்சினை எது என்று அமெரிக்கர்களிடம் கேட்டபோது 64 சதவீதம் பேர் போதைப்பொருள் என்றார்கள். அந்த மாதம் 5ஆம் தேதி அதிபர் புஷ் (மூத்தவர்) தொலைக்காட்சியில் ஒரு பொட்டலத்தைத் தூக்கிக் காட்டி, இது வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள பூங்காவில் பிடிபட்டது என்று பேசியிருந்தார். (விற்பவனை அந்தப் பூங்காவுக்குப் போக்குக்காட்டி வரவழைத்ததே அதிகாரிகள்தான் என்பது பிறகு பத்திரிகையில் வந்தது.) அரசே எடுத்த வீட்டுக் கணக்கெடுப்போ, 1985க்கும் 1988க்கும் இடையில் போதைப்பொருள் பயன்படுத்துவோர் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்ததைக் காட்டியது. பிரச்சினை இறங்கிக்கொண்டிருந்தபோது கவலை ஏறிக்கொண்டிருந்தது. மறு ஆண்டு வளைகுடாவில் போர் மேகம் சூழ்ந்தபோது அந்த 64 சதவீதம் இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. போதைக்கு அடிமையானவர்கள் மட்டும் அங்கேயே இருந்தார்கள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். நான் சில ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழில் செய்திகளைத் திருத்திப் பக்கம் கட்டும் டெஸ்க்கில் இருந்தவன். வெளியில் இருப்பவர்கள் ஒரு பெரிய சதித்திட்டத்தைக் கற்பனை செய்கிறார்கள். முதலாளி கூப்பிட்டு, ‘இதைப் போடு, அதை அமுக்கு’ என்று சொல்வதாக. அதுவும் நடக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றாடம் எது செய்தியாகிறது என்பதை அதைவிட மிகச் சாதாரணமான காரியங்கள் முடிவு செய்கின்றன.

மாலையில் விளம்பரப் பிரிவிலிருந்து டம்மி வரும். எந்தப் பக்கத்தில் எவ்வளவு இடம் விளம்பரத்துக்கு என்று கட்டம் போட்டுக் காட்டும் தாள் அது. மிச்சமிருக்கும் வெள்ளை இடம்தான் செய்திக்கு. ஆடித் தள்ளுபடிக் காலத்தில் ஜவுளிக்கடைகள் முதல் பக்கத்தையே எடுத்துக்கொண்டிருக்கும். மூன்று நிருபர்கள் நாள் முழுக்க அலைந்து அனுப்பிய மூன்று செய்திகளில் ஒன்று கால் பக்கமாகும், ஒன்று நான்கு வரிப் பெட்டிச் செய்தியாகும், ஒன்று ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று கிடப்புக்குப் போகும். நாளைக்கு அது பழைய செய்தி.

அடுத்தது பதிப்பு எல்லை. இதைப் பற்றி ஊடக ஆய்வாளர்கள் போதுமான அளவு எழுதவில்லை என்பது என் எண்ணம். ஒரு தமிழ் நாளிதழ் என்பது ஒரே நாளிதழ் அல்ல. சென்னை, வேலூர், சேலம், கோவை, திருச்சி, மதுரை, நெல்லை என்று ஊருக்கு ஒரு பதிப்பு அச்சாகிறது. முதல் பக்கமும் சினிமாப் பக்கமும் விளையாட்டும் பெரும்பாலும் பொது. மாவட்டப் பக்கங்கள் அந்தந்தப் பதிப்புக்கு மட்டும். சென்னையிலிருந்து நெல்லைக்குப் பஸ்ஸில் பகலில் போனால் வழியில் பெட்டிக்கடைகளில் தொங்கும் நாளிதழ் போஸ்டர்களைக் கவனியுங்கள். தலைப்பு எழுத்தும் தாளின் நிறமும் அதே, வாசகம் ஊருக்கு ஊர் மாறிக்கொண்டே வரும். விழுப்புரத்தில் ஒரு விபத்து, திருச்சியில் ஒரு கொலை, கோவில்பட்டியில் ஒரு மறியல். நெல்லைப் பதிப்பில் ஒரு முழுப் பக்கம் வந்த செய்தி சென்னைப் பதிப்பில் இரண்டு பத்தியாக உள்பக்கத்தில் ஒதுங்கியிருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அமைச்சரும் தலைமைச் செயலாளரும் உயர் நீதிமன்ற நீதிபதிகளும் ஆங்கிலச் சேனல்களின் தமிழ்நாட்டுச் செய்தியாளர்களும் காலையில் கையில் எடுப்பது சென்னைப் பதிப்பை.

தூத்துக்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டெர்லைட் தாமிர ஆலையின் விரிவாக்கத்தை எதிர்த்து அ. குமரெட்டியாபுரம் கிராமத்து மக்கள் 2018 பிப்ரவரி 12 அன்று உட்கார்ந்தார்கள். அவர்களுடைய போராட்டத்தின் 13ஆம் நாளில், பிப்ரவரி 24 அன்று, நடிகை ஸ்ரீதேவி துபாயில் இறந்தார். அதன் பிறகு சில நாட்கள் தேசியச் சேனல்களுக்கு வேறு இந்தியா இல்லை. ஒரு தெலுங்குச் சேனலின் செய்தியாளர் குளியல் தொட்டிக்குள்ளேயே இறங்கி, சம்பவம் எப்படி நடந்திருக்கும் என்று செய்து காட்டினார். மார்ச் 24 அன்று தூத்துக்குடி நகரமே திரண்டு வந்தது. கைப்பேசியில் எடுத்த அந்தக் கூட்டத்தின் படங்கள் சமூக ஊடகங்களில் பரவி, ‘ஏன் இதைக் காட்டவில்லை?’ என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்த பிறகு சில கேமராக்கள் வந்தன. வந்து, திரும்பிப் போயின. மே மாதத்தில் கர்நாடகத் தேர்தல் முடிவும் எடியூரப்பாவின் பதவியேற்பும் ராஜினாமாவும் திரையை நிரப்பின.

மே 22, நூறாவது நாள். மக்கள் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போனார்கள், போலீஸ் சுட்டது. அன்றும் மறுநாளுமாகத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் தூத்துக்குடி இந்தியா முழுக்க ஒரு ‘பிரச்சினை’ ஆனது. மே 28 அன்று ஆலையை நிரந்தரமாக மூட அரசு உத்தரவு போட்டது. தண்ணீரும் காற்றும் கெடுகின்றன என்று தொண்ணூற்றொன்பது நாள் சொன்னபோது அது மாவட்டப் பக்கத்துச் செய்தி. அந்த நாட்களில் நெல்லைப் பதிப்புகளை அடுக்கிவைத்துப் பார்த்தால் இது இருட்டடிப்பு என்று சொல்ல முடியாது. உள்ளூர் நிருபர்கள் விடாமல் எழுதியிருக்கிறார்கள். எழுதியது சென்னைவரை வந்து சேரவில்லை, சென்னைவரை வந்தது டெல்லிக்குப் போகவில்லை. டெல்லிச் சேனல்களின் ஒளிபரப்பு வண்டிகள் பெரும்பாலும் டெல்லியிலும் நொய்டாவிலும் நிற்கின்றன. ஒரு குழுவைத் தூத்துக்குடிக்கு அனுப்பி ஒரு வாரம் தங்கவைக்கும் செலவில் ஸ்டுடியோவில் எட்டு பேரை ஜன்னல் ஜன்னலாக உட்காரவைத்து ஒரு மாதம் விவாதம் நடத்திவிடலாம்.

இந்தத் தூரக் கணக்கு புயலுக்கும் பொருந்தும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. ஒரு தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும் என்பதைத் தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. 2016இல் வர்தா சென்னையில் மரங்களைச் சாய்த்தபோது கேமராக்காரர்கள் வீட்டு வாசலிலேயே மரம் விழுந்து கிடந்தது. ஆங்கிலச் சேனல்களுக்கோ சென்னையும் தூரம்தான். 2015 டிசம்பரில் நகரம் மூழ்கியபோது டெல்லி விழித்துக்கொள்ளத் தாமதமானது என்று சென்னைக்காரர்கள் கொதித்தார்கள். நியாயமான கொதிப்பு. அதே கொதிப்பு கஜாவின்போது வேதாரண்யத்திலிருந்து சென்னையை நோக்கி வந்ததைச் சென்னை அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

தூரத்துக்கு அடுத்தபடியாக, கதைக்கு ஒரு வடிவம் வேண்டும். ஆரம்பம், கெடு, ஒரே முகம், முடிவு. இந்த வடிவம் பொருந்தினால் தூரம்கூடப் பொருட்டில்லை.

2019 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை மாலை. தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்துவிட்டது. இரவுக்குள் எல்லாத் தமிழ்ச் சேனல்களும் அங்கே இருந்தன. கயிறு போட்டது, குழந்தை இன்னும் கீழே நழுவியது, பக்கத்தில் இன்னொரு குழி தோண்டியது, பாறை குறுக்கிட்டது, புது இயந்திரம் வந்தது என்று இடைவெளியில்லாமல் நேரலை. அந்தத் தீபாவளியைத் தமிழ்நாடு தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பிரார்த்தனையில் கழித்தது என்றால் மிகையில்லை. 29ஆம் தேதி அதிகாலை குழந்தையின் உடலைத்தான் எடுக்க முடிந்தது.

அதே அக்டோபர் 25 அன்று தமிழ்நாட்டு அரசு மருத்துவர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஊதியம், பணியிடங்கள், பட்ட மேற்படிப்பில் அரசு மருத்துவர்களுக்கான ஒதுக்கீடு ஆகியவை கோரிக்கைகள். நவம்பர் 1 வரை நீடித்தது. அரசு மருத்துவமனையை நம்பியிருக்கும் லட்சக்கணக்கானவர்களைத் தொட்ட விஷயம். நான் சந்திப்பவர்களிடம் இவ்விரண்டையும் கேட்டுப் பார்ப்பதுண்டு. குழந்தை விழுந்தது எல்லாருக்கும் நினைவிருக்கிறது, மருத்துவர்களின் வேலைநிறுத்தம் மருத்துவர் குடும்பங்களுக்கு வெளியே அநேகமாக யாருக்கும் நினைவில்லை.

இதைவிடக் கொடுமையான ஒன்று தூத்துக்குடியில் நடந்தது. நடுக்காட்டுப்பட்டி மீட்புப் பணியைப் பெற்றோர் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர்களுடைய இரண்டு வயதுப் பெண் குழந்தை குளியலறைத் தண்ணீரில் மூழ்கி இறந்துபோனது. செய்தியாக வந்தது, ஒரு நாள் இருந்தது, போனது. இந்தியாவில் ஆண்டுதோறும் நீரில் மூழ்கி இறப்பவர்கள் 30,000 பேருக்கும் மேல் என்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. வாளி, தொட்டி, குட்டை, வாய்க்கால் எல்லாம் இதில் அடக்கம். ஆனால் வாளியில் விழும் குழந்தைக்கு நான்கு நாள் நேரலை கிடையாது. சில நிமிடங்களில் முடிந்துவிடுகிற ஒன்றைக் கேமரா எப்படிப் பின்தொடரும்?

அந்த நேரலையால் பலனே இல்லை என்று நான் சொல்லவில்லை. கைவிடப்பட்ட கிணறுகளை மூடச் சொல்லி மாவட்டம் மாவட்டமாக உத்தரவுகள் பறந்தன. பலவற்றை மழைநீர் சேகரிப்புக் குழிகளாக மாற்றினார்கள். நல்லதுதான். ஆனால் இதற்கான விதிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2010லேயே வகுத்துக் கொடுத்திருந்தது. ஒன்பது ஆண்டுகள் தூங்கிய தாள் நான்கு நாள் நேரலையில் எழுந்து உட்கார்ந்தது என்றால், அரசாங்கம் எதைப் பார்த்து வேலை செய்கிறது என்பதும் விளங்கும். அதிகாரிகளும் தொலைக்காட்சி பார்க்கிறார்கள். பேசுபொருள் மாறினால் கோப்பு நகரும், பேசுபொருள் போய்விட்டால் கோப்பும் படுத்துவிடும்.

டிஆர்பி எனப்படும் பார்வையாளர் மதிப்பீடு பற்றியும் இரண்டு வார்த்தை. 2020 வாக்கில் இந்தியாவில் தொலைக்காட்சி இருந்த வீடுகள் ஏறத்தாழ 21 கோடி. அப்போது சுமார் 44,000 வீடுகளில் பொருத்திய கருவிகளை வைத்துத்தான் யார் எதைப் பார்த்தார்கள் என்று கணக்குப் போட்டார்கள். அதில் செய்திச் சேனல் பார்ப்பவர்கள் இன்னும் சிறுபான்மை. வியாழக்கிழமை எண் வரும். எண் குறைந்தால் விளம்பரக் கட்டணம் பேசுகிற இடத்தில் குரல் இறங்கும். மற்றச் சேனல் காட்டுகிற கிணற்றை நீங்கள் காட்டாமல் மருத்துவர்களின் ஊதிய விகிதத்தைக் காட்டினால் அந்த வியாழக்கிழமை என்ன நடக்கும் என்று ஆசிரியருக்குத் தெரியும். அதனால் ஒருவர் வைத்த கேமராவைப் பார்த்து இன்னொருவர் வைக்கிறார். செய்தி அறைகளில் அடுத்தடுத்து போட்டிச் சேனல்களின் திரைகள் ஓடுவது அழகுக்காக அல்ல. 2020 அக்டோபரில் டிஆர்பி முறைகேட்டுப் புகார் வெடித்து, செய்திச் சேனல்களுக்கான மதிப்பீட்டை 2022 மார்ச் வரை நிறுத்தியே வைத்தார்கள். அந்தக் காலத்தில் கூச்சல் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. கை பழகிவிட்டது.

சரி, மக்கள் இதற்கு முழுக்க அடிமையா? இல்லை. உங்கள் கேள்வியில் இருக்கும் நியாயம் இங்கேதான் வருகிறது. நேரடியாக நம் உடம்பிலும் பையிலும் படுகிற விஷயத்தில் ஊடகத்தின் செல்வாக்கு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இதையும் ஆய்வாளர்கள் 1970களிலேயே கண்டார்கள். வெங்காய விலை ஏறியது என்று யாரும் பிரேக்கிங் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. 1998இல் டெல்லி மாநில ஆட்சியே வெங்காய விலையில் சறுக்கி விழுந்தது. வெளியுறவு, எல்லைத் தகராறு, பங்குச் சந்தை, தொலைதூரத்துக் கலவரம் போன்ற, நாம் கண்ணால் காண முடியாத விஷயங்களில்தான் ஊடகம் சொல்வது சட்டமாகிறது.

ஆனால் நேரடி அனுபவத்திலும் ஊடகத்துக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டன. குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த பெண்ணுக்குத் தண்ணீர் இல்லை என்று தொலைக்காட்சி சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்தது அவருடைய தெருவின் கதை. நகரம் முழுக்க அதே கதை, ஆகவே இது வார்டு பொறியாளரின் தவறு மட்டும் அல்ல என்பதைச் செய்திகள்தான் சேர்த்துக் காட்டின. அதே செய்திகள் அடுத்து என்ன செய்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. மாலை, வரவேற்பு, நேரலை. முதல் நடையில் வந்தது 25 லட்சம் லிட்டர். திட்டப்படி முழுதாக ஓடினாலும் நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர். வெட்டிக் குறைத்த பிறகும் குடிநீர் வாரியம் அப்போது நகரத்துக்குத் தினமும் கொடுத்துக்கொண்டிருந்தது 52 கோடி லிட்டருக்கு மேல். ரயில் தூக்கியது அதில் இரண்டு சதவீதம். ஆனால் ரயில் படத்துக்கு நன்றாக இருந்தது. ஏரிகளைத் தூர்வாராததையும் சதுப்பு நிலம் கட்டடமானதையும் படம் பிடிப்பது கஷ்டம்.

பேசுபொருள் மாறினால் ஆளுகிறவர்களை நாம் எடைபோடும் படிக்கல்லும் மாறுகிறது என்பதையும் ஐயங்காரும் கிண்டரும் காட்டினார்கள். இதற்கு ஓர் உதாரணம் போதும். முதல் வளைகுடாப் போர் முடிந்த 1991 தொடக்கத்தில் அதே மூத்த புஷ்ஷுக்கு மக்கள் ஆதரவு 89 சதவீதம். போர் திரையிலிருந்து இறங்கியது, பொருளாதார மந்தம் ஏறியது. 1992 நவம்பரில் அவர் தோற்றார். நம் ஊரிலும் தேர்தலுக்கு மூன்று மாதம் முன்பு எந்த விஷயம் தலைப்புச் செய்தியில் இருக்க வேண்டும் என்று கட்சிகள் ஏன் இவ்வளவு மெனக்கெடுகின்றன என்பதற்கு இதுதான் காரணம். தங்கள் நிலைப்பாட்டை நீங்கள் ஏற்கவேண்டும் என்பதுகூட அவர்களுக்கு அவசியம் இல்லை. தங்களுக்குத் தோதான விஷயத்தை வைத்து நீங்கள் சண்டை போட்டால் போதும்.

கைப்பேசி வந்த பிறகு இதெல்லாம் பழங்கதை என்பவர்கள் உண்டு. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய இளைஞர்களை அவர்கள் சுட்டிக்காட்டுவார்கள். அங்கே முகநூலும் வாட்ஸ்அப்பும் முன்னால் போயின, சேனல்கள் பின்னால் வந்தன. அது நடந்ததுதான். ஆனால் சேனல்கள் வந்து இரவும் பகலும் காட்டிய பிறகுதான் சேலத்திலும் மதுரையிலும் கோவையிலும் வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சோறு கட்டிக்கொடுத்து அனுப்பினார்கள் என்பதும் நடந்தது. இப்போதைய நிலை எனக்கு அதைவிடக் கவலை தருகிறது. கட்சிகளின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுகள் ஒரே நேரத்தில் ஆயிரம் பேரைப் பதிவிடச் செய்து ஒரு ஹேஷ்டேக்கை மேலே ஏற்றுகின்றன. ‘இணையத்தில் வைரல்’ என்று அதையே சேனல் செய்தியாக்குகிறது. சேனல் துண்டு மறுபடி வாட்ஸ்அப்புக்கு வருகிறது. முன்பு ஓர் ஆசிரியரையாவது பெயர் சொல்லித் திட்டலாம்.

எப்படித் தப்பிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சேனலை மாற்றிப் பார்ப்பதால் பெரிய பலன் இல்லை. எதிரெதிர்க் கட்சிச் சேனல்களும் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் எதிரெதிராகப் பேசுகின்றன. அதற்குப் பதில் ஊரை மாற்றிப் பாருங்கள். பல நாளிதழ்களின் மின்னிதழில் வேறு மாவட்டப் பதிப்புகளைத் திறக்கலாம். சென்னையில் இருப்பவர் வாரம் ஒரு முறை நெல்லையையும் தர்மபுரியையும் திறந்து மூன்றாம் நான்காம் பக்கங்களைப் பார்த்தால் போதும். இன்னொன்று, சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு. அரசு இணையதளத்தில் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. துறை எவ்வளவு செலவு செய்தது, எந்தத் திட்டம் எங்கே நிற்கிறது என்பது, கொஞ்சம் அலங்கார வார்த்தைகளைத் தாண்டிப் போனால், அதில் இருக்கும். மக்கள் நல்வாழ்வுத் துறையின் குறிப்பிலிருந்து தொடங்குங்கள். உங்கள் மாவட்டத்துக்கு என்ன ஒதுக்கியிருக்கிறார்கள் என்று தேடிக் குறித்துவைத்துக்கொண்டு, அதே வாரம் எந்தச் சேனலாவது அந்தப் பக்கத்தைத் தொட்டதா என்று பாருங்கள்.